காப்புக் கட்டிய கை

என் அக்காவுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. வீட்டில் யாருக்கு என்ன வந்தாலும் முதலில் அவளுக்குத் தெரிந்துவிடும். அவளுக்கு என்ன வந்தாலும் மற்றவர்களுக்குக் கடைசியில்தான் தெரியும். அத்தானுக்கு எந்த வேளைக்கு எந்தப் பிரஷர் மாத்திரை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். அவளுக்கும் இனிப்புநீர் என்கிற சர்க்கரை வியாதி இருக்கிறது, மகள் வயிற்றில் இருந்த காலத்திலிருந்தே. அதைப் பற்றிக் கேட்டால் மட்டும், "அது பாட்டுக்கு அது இருக்கு, நான் பாட்டுக்கு நான் இருக்கேன் லா" என்பாள். வாடகைக்குக் குடியிருக்கும் ஆளைப் பற்றிப் பேசுகிற மாதிரி இருக்கும்.

அவள் இருப்பது கிள்ளானில். நான் தலைநகரில், பிரிக்பீல்ட்ஸில் ஒரு பழைய அடுக்குமாடியில் இருக்கிறேன். ரயில் ஏறினால் ஒரு மணி நேரம். நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வாய் கொஞ்சம் நீளம் என்று குடும்பத்தில் பெயர். வகுப்பில் எத்தனை வால் பிள்ளைகள் இருந்தாலும் ஒரு பார்வையில் உட்கார வைத்துவிடுவேன். பெற்றோர்கள்கூட என்னிடம் கொஞ்சம் பார்த்துத்தான் பேசுவார்கள். அக்காவிடம் மட்டும் என் வித்தை எதுவும் பலித்ததில்லை.

தன் உடம்புக்கென்று அவள் செய்த ஒரே நல்ல காரியம் மாலை நடை. வீட்டுக்குப் பக்கத்துத் திடலைத் தெருப்பெண்கள் நாலைந்து பேர் சேர்ந்து சுற்றி வருவார்கள். கால் நடப்பதைவிட வாய் நடப்பதுதான் அதிகம் என்று அத்தான் கிண்டல் செய்வார். என்ன இருந்தாலும் அந்த நடையில்தான் அவள் சீனி ஒரு கட்டுக்குள் இருந்தது. நோய்த்தொற்று வந்து நடமாட்டக் கட்டுப்பாடு போட்டதும் திடலைச் சுற்றிப் பட்டை கட்டிவிட்டார்கள். நடை நின்றது. அந்த நேரத்தில் டீ வந்து உட்கார்ந்தது, டீயோடு வடை, கேசரி, பால்கோவா. ஊரே வீட்டில் அடைந்து கிடந்து சமைத்துச் சமைத்துத் தின்ற காலம் அது. நானும் தின்றேன், இல்லை என்று சொல்லவில்லை.

அப்புறம் அரசாங்கக் கிளினிக்கிலிருந்து போன் வந்தது. கூட்டத்தைக் குறைக்க வேண்டும், அவளுடைய ரத்தப் பரிசோதனையைத் தள்ளி வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறார்கள். லீவு கிடைத்த பிள்ளை மாதிரி உடனே சரி என்றுவிட்டாள். நான் கத்தினேன். அங்கே போனால்தான் வியாதி ஒட்டும் என்றாள். அந்தச் சமயத்தில் அதில் பொய்யும் இல்லை.

இரண்டாம் வருஷம் ஆடி பிறந்தபோதுதான் நிலைமை மோசமானது. கிள்ளான் பக்கம் எந்த நேரமும் ஆம்புலன்ஸ் சத்தம். போலீஸ் அனுமதி இல்லாமல் மாவட்டம் தாண்ட முடியாது. அத்தான் துறைமுகத்தில் லோரி ஓட்டுகிறவர். நாடே மூடினாலும் துறைமுகத்தை மூட மாட்டார்கள், அதனால் அவர் தினமும் போய் வந்தார். அங்கிருந்துதான் நோயைக் கொண்டு வந்தார். மூச்சுத் திணறி, ஆம்புலன்ஸ் வந்து ஏற்றிக்கொண்டு போனது. துண்டு, சோப்பு, போன் சார்ஜர், மாத்திரை எல்லாம் பையில் போட்டுக் கொடுத்து, கேட்டு வரைக்கும் வந்து நின்றாளாம் அக்கா.

அவளுக்கும் பரிசோதனையில் நோய் இருந்தது. லேசான காய்ச்சல்தான் என்பதால் வீட்டிலேயே இருக்கச் சொல்லி, இடது கை மணிக்கட்டில் பிங்க் பட்டை ஒன்றை மாட்டிவிட்டார்கள். வெளியே போகக்கூடாது, தினமும் போனில் உடம்பு எப்படி என்று பதில் அனுப்ப வேண்டும். தினமும் நலம் என்று அழுத்திவிடுவாள். என்னிடம் கேட்டால் லேசான அசதி என்பாள். இந்த அசதி என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்கள் வீட்டு ஆண்களுக்கு வந்தால் அது நெஞ்சுவலி, காய்ச்சல், முதுகுப் பிடிப்பு. பெண்களுக்கு வந்தால் எல்லாமே அசதி. அதற்கு மருந்து ஒரு தலைத்துணி, ஒரு மிளகு ரசம், பிறகு மறுபடி அடுப்படி.

அவள் மகள் பினாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். அவளாலும் வர முடியவில்லை. ஆக, அந்த வீட்டில் அக்கா தனியாள். பக்கத்து வீட்டு மலாய் அக்கா தினமும் கஞ்சியோ சோறோ கேட்டில் மாட்டிவிட்டுப் போவார். பாத்திரம் மறுநாள் கழுவித் துடைத்துத் திரும்பி வரும். சாப்பாட்டுக்கு ஒரு குறையும் இல்லை என்று நாங்கள் எல்லோரும் நிம்மதியாக இருந்தோம். விரல் நுனியில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கும் கருவி ஒன்றை வாங்கி, டெலிவரி ஆள் மூலம் நான் அனுப்பி வைத்திருந்தேன். என் கடமை முடிந்தது என்று எனக்கும் ஒரு நினைப்பு.

ஒரு நாள் வகுப்பு முடிந்ததும் வீடியோ காலில் கூப்பிட்டேன். முகம் வற்றிப் போயிருந்தது. கேட்டதற்கு, வெளிச்சம் சரியில்லை என்றாள். தலைமுடியை ஒதுக்கக் கையைத் தூக்கினாள் பாருங்கள், அப்போதுதான் கண்ணில் பட்டது. பிங்க் பட்டைக்கு மேலே மஞ்சள் கயிறு. அதில் ஒரு மஞ்சள் கிழங்குத் துண்டு.

அது என்ன என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்று சொல்லிப் போனைத் திருப்பிவிட்டாள். திரையில் விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. எனக்குத் தெரியாதா அது என்னவென்று? காப்பு. ஆடியில் அம்மனுக்கு வேண்டிக்கொண்டு கட்டுவது. கோயிலில் கட்டினால் திருவிழா முடியும் வரை விரதம். எல்லை தாண்டக்கூடாது, வேறு இடத்தில் இரவு தங்கக்கூடாது. அந்த வருஷம் கோயில் கதவே திறக்கவில்லை. அதனால் நூலை மஞ்சளில் நனைத்து, சாமிப் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து, பல்லால் ஒரு முனையை இழுத்துத் தானே கட்டிக்கொண்டிருக்கிறாள். அத்தான் நடந்து வந்து கேட்டுக்குள் கால் வைக்கிற வரைக்கும் சோறு இல்லை, கேட்டைத் தாண்டுவதில்லை என்று வேண்டுதலாம், துருவிக் கேட்டதில் சொன்னாள். ஒரு நாளைக்கு ஒரு டம்ளர் பால், ஒரு வாழைப்பழம், அவ்வளவுதான்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அப்புறம்தான் மாத்திரை ஞாபகம் வந்தது. மாத்திரையாவது போடுகிறாயா என்றேன்.

"சாப்பாட்டுக்கு அப்புறம்னு தானே எழுதியிருக்கு? சாப்பாடே இல்ல. அப்புறம் மாத்திரைய எப்படிப் போடுறது?"

சட்டம் பேசுகிற மாதிரி நிதானமாகச் சொன்னாள். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. அம்மனை நான் குறை சொல்கிற ஆள் இல்லை. நானும் கும்பிடுகிறவள்தான், நானும் ஆடி வெள்ளிக்கு விளக்குப் போடுகிறவள்தான். ஆனால் நோய் பிடித்த உடம்பு, சீனி ஏறிய உடம்பு, அதில் பட்டினி. பெற்ற மகளுக்கு இப்படி ஒன்று என்றால் இவளே அந்தக் கயிற்றை அறுத்துத் தூர எறிந்திருப்பாள். தனக்கென்றால் மட்டும் கட்டிக்கொள்வாள். அதை அப்படியே கேட்டுவிட்டேன்.

"உனக்குக் கல்யாணம் ஆகல பாப்பா. இதெல்லாம் உனக்குப் புரியாது."

சுருக்கென்று தைத்தது. இத்தனை வருஷத்தில் ஊரார் எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள், அவள் சொன்னதில்லை. போனை வைத்துவிட்டேன்.

வைத்துவிட்டு நேரே பக்கத்து வீட்டு மலாய் அக்காவுக்குப் போன் போட்டேன். எனக்குத் தெரிந்த மலாயில் எல்லாவற்றையும் கொட்டினேன். அந்த அம்மாள், பின் சந்தில் திரியும் பூனைகள் எல்லாம் இப்போது ஏன் இப்படிக் கொழுத்துவிட்டன என்று இப்போதுதான் புரிகிறது என்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அவருக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வந்தது. தினமும் சுடச்சுடக் கஞ்சி வைத்துக் கொண்டுபோனவர் அல்லவா.

மறுநாள் மத்தியானம் நாங்கள் இருவரும் சேர்ந்து அவளைப் பிடித்தோம். அவர் கஞ்சியைக் கேட்டில் மாட்டிவிட்டு முகக்கவரியோடு தள்ளி நின்றுகொண்டார். நான் போனில். அவர் மலாயில் திட்ட, நான் தமிழில் திட்ட, தெருவே கேட்டிருக்கும். அத்தான் திரும்பி வந்தால் யார் அவருக்குச் சமைத்துப் போடுவது, நீ செத்துப்போனால் அவர் வந்து எந்தப் பெண்டாட்டியைப் பார்ப்பார் என்று கேட்டேன். வாயில் வந்ததை எல்லாம் கேட்டேன். கடைசியில் அவள் கேட்டுக்கு வந்து கஞ்சியை எடுத்துக்கொண்டு போனாள். போனைச் சாமி மேடையில் சாய்த்து வைத்து, என் கண் முன்னாலேயே ஒவ்வொரு கரண்டியாகச் சாப்பிட்டாள். கண்ணீர் கஞ்சியில் விழுந்தது, துடைக்கவில்லை. மாத்திரையை எடுத்து வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள்.

"சாப்பிட்டுட்டேன். சந்தோஷமா?"

சந்தோஷமாகத்தான் இருந்தது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். பினாங்குக்குப் போன் போட்டு, உன் அம்மாவைச் சாப்பிட வைத்துவிட்டேன் என்று பீற்றிக்கொண்டேன்.

அடுத்த நாள் நான் ஆன்லைனில் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தபோது அக்கா மகள் கூப்பிட்டாள். இரண்டு தடவை வெட்டிவிட்டேன். மூன்றாவது தடவை எடுத்தேன். "சித்தி" என்று அழுதுகொண்டே ஆஸ்பத்திரிச் செய்தியைச் சொன்னாள். அன்று காலையில் அத்தான் போய்விட்டார். பிள்ளைகளிடம் ஒன்றும் சொல்லாமல் கேமராவை மூடிவிட்டு எழுந்து போனேன். சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றது ஞாபகம் இருக்கிறது, எதற்கென்று ஞாபகம் இல்லை.

பந்திங்கில் இருக்கும் பெரியண்ணனையும் சேர்த்து மூன்று பேரும் போனில் பேசினோம். அண்ணன் ஒரே முடிவாக, அவளுக்குச் சொல்லக்கூடாது என்றார். அவள் உடம்பு தாங்காது, இரண்டு சாவாகிவிடும். முதலில் தேறட்டும், பிறகு பக்குவமாகச் சொல்லலாம் என்றார். அவர் சொன்னது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. யார் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

பேசிக்கொண்டிருக்கும்போதே பக்கத்து வீட்டு மலாய் அக்கா கூப்பிட்டார். சன்னல் வழியாகக் கூப்பிட்டுப் பார்த்தேன், உன் அக்காவால் ஒரு வார்த்தையை முழுசாகச் சொல்ல முடியவில்லை, உதடு நீலமாக இருக்கிறது என்றார். அக்காவைக் கூப்பிட்டுக் கருவியை விரலில் மாட்டச் சொன்னேன். திரையில் காட்டினாள். எண்பத்தாறு என்று இருந்தது. மகள் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாள். எப்படியோ கெஞ்சி வரவழைத்துவிட்டாள். அந்த நாட்களில் வண்டி வருவதே பெரிய விஷயம்.

வண்டி வந்தபோது நான் வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா போக மாட்டேன் என்றுவிட்டாள்.

கத்தவில்லை, அழவில்லை. சாமி மேடைக்குக் கீழே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு தலையை மட்டும் ஆட்டினாள். அவர் வருகிற வரைக்கும் கேட்டைத் தாண்டுவதில்லை. நேற்றுச் சோறு சாப்பிட்டு ஒரு தப்புப் பண்ணிவிட்டேன், இன்றைக்கு இதையும் பண்ண மாட்டேன் என்று விட்டு விட்டுச் சொன்னாள். வெள்ளை உடுப்பு மாட்டிய இரண்டு பேர் வாசலில் நின்றார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. அவள் வராவிட்டால் அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும், அங்கே ஒருத்தர் மூச்சுக்குத் தவிக்கிறார் என்று சொன்னார்கள். கட்டாயப்படுத்தித் தூக்கிக்கொண்டு போக முடியாது என்றும் சொன்னார்கள். இன்னும் கொஞ்ச நேரம்தான் காத்திருக்க முடியும்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அத்தான் நன்றாக இருக்கிறார் என்று பொய் சொன்னால் இவள் அவருக்காக இங்கேயே உட்கார்ந்திருப்பாள். உட்கார்ந்தபடியே சாவாள். இவளை அந்தக் கேட்டைத் தாண்ட வைக்கக்கூடிய வார்த்தை ஒன்றுதான் இருக்கிறது, அதைத்தான் சொல்லக்கூடாது என்று தீர்மானித்திருக்கிறோம். அண்ணனைக் கூப்பிட்டுச் சொன்னேன். நீ வாயை மூடிக்கொண்டு சும்மா இரு என்றார். பிறந்ததிலிருந்து கேட்டுவருகிற வார்த்தை அது. அவர் போனை வெட்டிவிட்டு மறுபடி அக்காவைக் கூப்பிட்டேன்.

"அக்கா, என்னைப் பாரு. அத்தான் வர மாட்டாரு. போயிட்டாரு. இனிமே யாருக்காக உட்கார்ந்திருக்க? காப்ப அவுத்துட்டு வண்டியில ஏறு."

அவள் என்னைப் பார்த்தாள். நான் பயந்தபடி எதுவும் நடக்கவில்லை. மயங்கவில்லை, மார்பில் அடித்துக்கொள்ளவில்லை. மூச்சை இழுத்து இழுத்து ஒன்றே ஒன்று கேட்டாள்.

"நான் சாப்பிட்டதுக்கு அப்புறமா?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. சத்தியமாக எதிர்பார்க்கவில்லை. வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். இல்லை, நீ சாப்பிடுவதற்கு முன்னாலேயே போய்விட்டார், உனக்குத்தான் சொல்லவில்லை என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். என் கண் முழுக்க வாசலில் நின்ற வண்டியில் இருந்தது. அவர்கள் போய்விடுவார்கள், போய்விடுவார்கள் என்றே மனசு அடித்துக்கொண்டிருந்தது.

"ஆமா. நீ ஏறு முதல்ல" என்றேன்.

மணிக்கட்டை வாய்க்குக் கொண்டுபோய்ப் பல்லால் முடிச்சை இழுத்தாள். மஞ்சள் கயிறு மடியில் விழுந்தது. பிங்க் பட்டை கையிலேயே இருந்தது. அவளாகவே சுவரைப் பிடித்து எழுந்தாள். வெள்ளை உடுப்புக்காரர்கள் உள்ளே வந்து ஆளுக்கு ஒரு பக்கம் தாங்கிக்கொண்டார்கள். போனைச் சாமி மேடையில் வைத்துவிட்டுப் போனாள். அம்மன் படத்தின் சட்டமும் ஒரு துண்டுச் சுவரும் தெரிந்தன. வண்டிக் கதவு மூடும் சத்தம் வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.

அத்தானின் இறுதிச் சடங்குக்கு அனுமதி வாங்கி, பினாங்கிலிருந்து மகளும் இங்கிருந்து நானும் போனோம். பெட்டியைத் திறக்கவில்லை. தள்ளி நின்று கும்பிட்டோம், அவ்வளவுதான். அண்ணன் என்னோடு பேசவில்லை. அக்காவுக்கு ஏதாவது ஆகியிருந்தால் கடைசி வரைக்கும் பேசியிருக்க மாட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து போன் வரும்போதெல்லாம் கொன்றுவிட்டேனா, கொன்றுவிட்டேனா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். சீனி எக்கச்சக்கமாக ஏறியிருந்தது, நுரையீரலில் சளி கட்டியிருந்தது, இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்று டாக்டர் மகளிடம் சொன்னார். பல வாரம் கிடந்துவிட்டு, பாதி ஆளாக வீட்டுக்கு வந்தாள்.

இதெல்லாம் நடந்து சில வருஷங்கள் ஆகிவிட்டன. திடலில் மறுபடி நடக்கிறார்கள். முன்பு அவளோடு நடந்த பெண்களில் இரண்டு பேர் இப்போது இல்லை. ஒருத்தி கடைசி வரைக்கும் அசதி என்றே சொல்லிக்கொண்டிருந்தவள். அக்கா தவறாமல் நடக்கிறாள், மாத்திரை போடுகிறாள், கிளினிக் தேதி என்றால் காலையிலேயே போய் உட்கார்ந்துவிடுகிறாள். டீயில் சீனி இல்லை. நான் இத்தனை வருஷம் கத்திக் கத்திக் கேட்ட அத்தனையையும் செய்கிறாள். டாக்டருக்கு அவள்மேல் ரொம்பத் திருப்தி.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ரயிலேறிக் கிள்ளானுக்குப் போவேன். நண்டோ, கருவாட்டுக் குழம்போ, எனக்குப் பிடித்ததாகப் பார்த்துச் சமைத்து வைத்திருப்பாள். பள்ளிக் கதை கேட்பாள், மகளைப் பற்றிக் குறை சொல்வாள், என் நரைமுடிக்குச் சாயம் அடிக்கச் சொல்வாள். எல்லாம் முன்பு மாதிரிதான். ஆனால் என்னோடு உட்கார்ந்து சாப்பிட மாட்டாள். முன்பெல்லாம் ஒரே தட்டில் கை போட்டுச் சாப்பிட்டவர்கள் நாங்கள். இப்போது எனக்குப் போட்டுவிட்டுப் பக்கத்தில் நிற்பாள். கேட்டால் பிறகு சாப்பிடுகிறேன் என்பாள். நான் கிளம்பிய பிறகு சாப்பிடுகிறாள், அது எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டு மலாய் அக்காவோடு உட்கார்ந்துகூடச் சாப்பிடுகிறாள், அதுவும் தெரியும்.

போன மாதம் பொறுக்க முடியாமல் கேட்டே விட்டேன். என்னிடம் ஏதாவது மனத்தாங்கல் இருந்தால் திட்டிவிடு, அடித்துவிடு, இப்படி நிற்காதே என்றேன். அதே நிலைமை மறுபடி வந்தாலும் உன்னைக் கஞ்சி குடிக்க வைப்பேன், மறுபடியும் உண்மையைத்தான் சொல்வேன், நீ எனக்கு உயிரோடு வேண்டும் என்றேன். அவளுக்குக் கோபம் வரவில்லை. என் தோளில் கை வைத்தாள்.

"எனக்கு உன் மேல கோபம் இல்ல பாப்பா. உன் முன்னால ஒரு தடவ சாப்பிட்டேன். போதும்."

சொல்லிவிட்டு ரசச் சட்டியைக் கொண்டு வந்தாள். நான் சோற்றில் குழி செய்தேன். அவள் ஊற்றினாள்.